கௌபாய்களிடமிருந்து ஒரு குழுத் தலைவர் கற்றுக்கொள்ள உண்மையில் ஏதேனும் இருக்கிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் ஒன்றில் 11 பேர் கொண்ட குழுவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் தலைவராகியிருக்கிறீர்கள். அங்கிருந்து வந்த பயிற்சியாளர் இரண்டு நாட்கள் ராஞ்ச் எனப்படும் மாட்டுப் பண்ணை வாழ்க்கை, அங்கே மாடு மேய்த்த கௌபாய்களின் ஞானம் என்று பேசிவிட்டு, பொன்மொழிகள் அச்சிட்ட அட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "இதில் சரக்கு இருக்கிறதா, அல்லது சுவரில் ஒட்டுவதற்கான வாசகங்கள் மட்டும்தானா?" என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது. ஆனால் அதற்குக் கீழே, "நான் கூடவே நின்றால் வேலை நகர்கிறது, நகர்ந்துவிட்டால் நின்றுவிடுகிறது, எதையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க விரும்பியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுவதால், அட்டையைப் பற்றிச் சுருக்கமாகவும் இதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். 22 ஆண்டுகளாக டெக்சஸின் வடமூலையான பான்ஹேண்டில் பகுதியிலும் மேற்குக் கான்சஸிலும், மாடுகளைக் கொழுக்கவைக்கும் பெரும் பட்டிகளிலும் அவற்றுக்குக் கன்றுகளை அனுப்பும் பண்ணைகளிலும் வேலை பார்த்து வருகிறேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் ஆட்களை நடத்தும் பொறுப்பும் என்மேல் விழுந்தது. மேலாண்மைக் கல்வி எனக்குக் கிடையாது. ஆகவே மாடுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். பழைய மந்தைப் பயணங்களைப் பற்றி, பதிவாகியிருப்பதைப் படித்த அளவில் சொல்வேன். மனிதர்களைப் பற்றிச் சொல்பவற்றை ஒருவருடைய அனுபவம் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டையிலிருக்கும் வாசகங்களில் பெரும்பாலானவை மாடு மேய்த்தவர்கள் சொன்னவை என்பதற்கு ஆதாரம் இல்லை. நாம் கௌபாய் காலம் என்று அழைப்பது அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பிறகு டெக்சஸிலிருந்து கான்சஸின் ரயில் நிலையங்களுக்கு மந்தைகளை ஓட்டிச் சென்ற, ஏறக்குறைய இருபதே ஆண்டுக் காலத்தைத்தான். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த கூலியாட்கள். நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கக்கூடும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. மெக்சிகோ வம்சாவளியினரும் ஏராளம். தொழிலே அவர்களிடமிருந்து வந்ததுதான் என்பதற்கு ராஞ்ச், லேரியட் (சுருக்குக் கயிறு), ரோடியோ (கௌபாய் திறன் போட்டி) என்ற ஸ்பானிய வேர்ச் சொற்களே சாட்சி. "மேற்கின் நெறி" என்று சொல்லப்படும் ஒழுக்க விதிகளோ நாவல்களும் வானொலியும் திரைப்படங்களும் பின்னாளில் உருவாக்கிக் கொடுத்தவை. வயோமிங் மாநிலம் 2010-இல் பத்து விதிகள் கொண்ட அத்தகைய நெறி ஒன்றைத் தன் அதிகாரபூர்வ நெறியாகச் சட்டமியற்றி ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்தையும் தொகுத்தவர் வால் ஸ்ட்ரீட்டில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர். விதிகளில் குறை ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்பதை எவர் சொன்னாலும் அது சரிதான். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு குதிரையும் தொப்பியும் தேவையில்லை.

கற்றுக்கொள்ளத் தக்கது வேறிடத்தில், அவர்கள் வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு மந்தையில் ஏறக்குறைய 2,500 உருப்படிகள் இருக்கும். அவற்றை நடத்த பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு சமையல்காரர், மாற்றுக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞன், எல்லாருக்கும் மேலே டிரெயில் பாஸ் என்று அழைக்கப்பட்ட தலைவர். மந்தையின் முன்முனையில் இருவர், பக்கங்களில் சிலர், புழுதியைத் தின்றுகொண்டு கடைசியில் சிலர் என்று எல்லாருக்கும் இடம் உண்டு. தலைவருக்கு மட்டும் மந்தையில் இடம் கிடையாது. அவர் பல மைல்கள் முன்னே தனியாகக் குதிரையோட்டிப் போய், அடுத்த தண்ணீர் எங்கே இருக்கிறது, ஆற்றைக் கடக்கும் துறை எப்படி இருக்கிறது, இரவில் மந்தையை எங்கே படுக்கவைக்கலாம் என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். அவர் இல்லாத நேரத்தில் மந்தை நகர்ந்துகொண்டுதான் இருக்கும். தலைவர் கூடவே இருந்தால்தான் மந்தை நகரும் என்ற நிலை அங்கே இருந்திருந்தால், தண்ணீர் இல்லாத பகுதிக்குள் எல்லாருமாகச் சேர்ந்து போய் நின்றிருப்பார்கள். நீங்கள் நாள் முழுவதும் 11 பேரின் பின்னாலேயே நிற்கிறீர்கள் என்றால், அடுத்த மாதம் வரப்போகும் ஆற்றை யார் பார்த்துவருகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பேச்சில் ஆட்களை நடத்துவதைக் "கட்டி மேய்ப்பது" என்று சொல்கிறோம், அதுவும் பெரும்பாலும் அலுப்போடு. கட்டிப்போட்ட மாடு கயிற்றின் நீளத்துக்குள் இருப்பதைத்தான் மேயும். 2,500 மாடுகளைக் கட்டக் கயிறு கிடையாது என்பதால் அந்த ஆட்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. மந்தையை ஒரு நாளுக்கு 10 முதல் 15 மைல் வரைதான் நகர்த்தினார்கள். தெற்கு டெக்சஸிலிருந்து கான்சஸுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். இதைவிட விரைவாக ஓட்டியிருக்கலாம். ஆனால் விற்கப்போவது மாட்டை என்பதால், வழியெல்லாம் மேயவிட்டு, புறப்பட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்போடு அதைக் கொண்டுசேர்ப்பவரே கெட்டிக்காரத் தலைவர் எனக் கருதப்பட்டார். தான் ஓட்டப்படுகிறோம் என்பது மாட்டுக்குத் தெரியாதபடி ஓட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு திட்டத்தை நாள் தவறாமல் முடித்துவிட்டு, முடிந்த மறுமாதம் மூன்று பேர் விலகிப்போகும் குழுக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சமையல்காரரைப் பற்றி ஒரு சிறு விலகல். டெக்சஸின் மந்தையோட்டியும் பண்ணையாளருமான சார்ல்ஸ் குட்நைட் என்பவர் 1866-இல் ராணுவத்தின் பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்புறம் இழுப்பறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தி, சக் வேகன் எனப்படும் சமையல் வண்டியை உருவாக்கினார். அந்த வண்டியைச் சுற்றிய இடம் சமையல்காரரின் ஆட்சிக்கு உட்பட்டது. புழுதி உணவில் விழும்படி காற்று வரும் பக்கத்திலிருந்து குதிரையோட்டிக்கொண்டு எவரும் வரக்கூடாது. அவருக்குச் சாதாரண கௌபாயைவிடச் சம்பளம் அதிகம். ஆர்பக்கிள்ஸ் என்ற காப்பிப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும். காப்பிக்கொட்டையை யார் அரைத்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அது என்பார் சமையல்காரர், மாடுகளோடு மல்லுக்கட்டிய ஆட்கள் அதற்குப் போட்டி போடுவார்கள். இதிலிருந்து தலைமைத்துவப் பாடம் எதையும் நான் பிழிந்தெடுக்கப் போவதில்லை. குழுவுக்குச் சோறு போடும் வேலையை, அதாவது எவர் கண்ணிலும் படாமல் மற்றவர்களுடைய வேலையை ஓடவைக்கும் வேலையை, அவர்கள் மலிவாக மதிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனி நான் நிச்சயமாக அறிந்த பகுதிக்கு வருகிறேன். எந்த மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அந்த எல்லைக்கு வெளியே நீங்கள் நின்றால் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். எல்லைக்குள் காலடி வைத்தால் விலகி நடக்கும். மேலும் ஆழமாக உள்ளே போனால் ஓடும், அல்லது ஓட இடமில்லையெனில் உங்களையே முட்டித் தள்ளிக்கொண்டு திரும்பும். பழகிய மாட்டுக்கு வட்டம் சிறியது, மனிதரை அதிகம் பார்க்காத மாட்டுக்குப் பெரியது. இரண்டாவதாக, மாட்டின் தோள்பட்டையில் ஒரு சமன்புள்ளி உண்டு. நீங்கள் தோளுக்குப் பின்னால் இருந்தால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். மூன்றாவதாக, மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள அனைத்தும் அதற்குத் தெரியும், நேர் பின்னால் இருக்கும் குறுகிய பகுதி மட்டும் தெரியாது. அங்கே போய் நின்றால், நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பதற்காக அது நடையை நிறுத்தித் திரும்பும். நகர்த்த வேண்டும் என்று நீங்கள் நிற்கும் இடமே அதை நிறுத்திவிடுகிறது. மாடுகளைப் பதற்றமில்லாமல் கையாளும் முறையை வட அமெரிக்கா முழுவதும் கற்றுக்கொடுத்தவரும் 2012-இல் மறைந்தவருமான பட் வில்லியம்ஸ் கற்பித்தவற்றின் சாரமும் இதுதான்: எங்கே நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் நடக்க வேண்டும், எப்போது விலக வேண்டும்.

நான் இதைக் கற்றது அவமானப்பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நாற்பது கன்றுகளை ஒரு பட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, பின்னாலிருந்து கைகளை வீசிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவை வாயிலருகே போய்ப் போய், என்னைப் பார்க்கத் திரும்பித் திரும்பி வந்தன. அரை மணி நேரம் வேடிக்கை பார்த்த ஃபோர்மேன், மெக்சிகோ எல்லையருகே பிறந்து வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர், என்னை வேலிக்கு வெளியே போகச் சொன்னார். பிறகு அவர் வாயிலின் ஒரு பக்கமாகக் கன்றுகளுக்குத் தெரியும்படி நடந்து போனார், நின்றார், இரண்டு அடி பின்வாங்கினார். முதல் கன்று வாயிலைத் தாண்டியது, மற்றவை அதன் பின்னால் ஒழுகின. அவர் எழுப்பிய ஒரே சத்தம், போகும்போது எனக்குக் கேட்கும்படி விட்ட பெருமூச்சுதான்.

அந்தப் பின்வாங்கிய இரண்டு அடிதான் முக்கியம். குதிரைகளைப் பழக்குவதில் பெயர்பெற்ற டாம் டாரன்ஸும் அவருடைய வழியில் வந்த ரே ஹன்ட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். குதிரை அழுத்தத்திலிருந்து கற்றுக்கொள்வதில்லை. அழுத்தம் விலகும் நொடியிலிருந்து கற்றுக்கொள்கிறது. கடிவாளத்தை இழுக்கிறீர்கள், குதிரை தலையைச் சிறிதே திருப்புகிறது, அந்த நொடியில் கை தளர்ந்தால் "இதைத்தான் கேட்டார்" என்று அதற்குப் புரிகிறது. திரும்பிய பிறகும் இழுத்துக்கொண்டேயிருந்தால், திரும்புவதற்கும் இழுப்பு நிற்பதற்கும் தொடர்பில்லை என்று அது முடிவுகட்டுகிறது. விரைவிலேயே அதன் வாய் மரத்துப்போகிறது. பிறகு இன்னும் வலுவாக இழுக்க வேண்டியிருக்கும். மூன்று முறை சொன்னால்தான் நடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த மரத்துப்போன வாய்தான் நினைவுக்கு வந்தது. முதல் முறை சொன்னபோதே செய்தவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? அவரைக் கண்காணிப்பதை நிறுத்தினீர்களா, அல்லது அவரிடமும் மாலையில் நிலவரம் கேட்டீர்களா? செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே கேள்வி வருமென்றால், காத்திருப்பதே அறிவுள்ள செயல் என்று எவரும் முடிவு செய்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாடும் குதிரையும் இரையாகும் இனங்கள், மனிதர் அப்படியல்லர். மாட்டுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, பக்கத்து நிறுவனத்தின் அழைப்பு வராது, உங்களைவிட அதற்கு வேலை நன்றாகத் தெரிந்திருக்கும் வாய்ப்பும் இல்லை. தவிர, பட்டியில் நான் கையாளும் மாட்டின் பயணம் எங்கே முடிகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் குழுவை அந்த உவமைக்குள் அடைப்பதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆகவே ஆட்களை மாடுகளாகப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வட்டமும் சமன்புள்ளியும் நிற்பவருக்குத் தன் இடத்தைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொடுக்கின்றன. மந்தைப் பயணங்களில் இரவுக் காவலுக்கு இருவர் இரண்டு மணி நேரம் வீதம் மாறி மாறி மந்தையை எதிரெதிர்த் திசைகளில் சுற்றுவார்கள், சுற்றும்போது மெல்லப் பாடிக்கொண்டே இருப்பார்கள். மாடுகளுக்கு இசையார்வம் என்பதற்காக அல்ல. இருட்டில் குதிரைக்காரர் எங்கே இருக்கிறார் என்பது மந்தைக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. சத்தமில்லாமல் வந்து திடீரென்று ஒரு குச்சியை மிதித்தால் போதும், மொத்த மந்தையும் எழுந்து ஓடிவிடும். பத்து நாட்கள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் இரவு எட்டு மணிக்கு அவசரக் கூட்டம் வைக்கும் மேலாளரை எனக்குத் தெரியும். அது நானேதான்.

இதே வரிசையில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினைச் சொல்லாமல் விட முடியாது. மாடுகள் ஒற்றை வரிசையாகப் போகும் நெருக்குவழியில் ஏன் நின்றுவிடுகின்றன என்று அறிய, அவர் அந்த வழிக்குள்ளேயே இறங்கி, மாட்டின் கண்மட்டத்திலிருந்து பார்த்தார். தொங்கி ஆடும் ஒரு சங்கிலி, வேலியில் யாரோ மாட்டிவைத்த மேலங்கி, தரையில் விழுந்த நிழல், ஈரத்தில் மின்னும் ஒளி ஆகியவைதான் பெரும்பாலும் காரணமாக இருந்தன. பணியாளர்களோ அதுவரை மின்சாரத் தார்க்குச்சியை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். சங்கிலியைக் கழற்றினால் குச்சி தேவைப்படவில்லை. 1999-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தனக்கு இறைச்சி தரும் ஆலைகளை அவருடைய முறைப்படி தணிக்கை செய்யத் தொடங்கியபோது, அந்த முறை "நன்றாகக் கையாளுங்கள்" என்று எதையும் பொதுவாகச் சொல்லவில்லை. நூற்றுக்கு எத்தனை மாடுகள் கத்தின, எத்தனை விழுந்தன, எத்தனைமேல் மின்குச்சி பட்டது என்று எண்ணச் சொன்னது. உங்கள் குழுவில் வேலை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே இடத்தில்தான் என்றால் அங்கே ஏதோ தொங்குகிறது. ஒப்புதல் தர வேண்டியவர் மூன்று நாள் மௌனமாக இருப்பதோ, தவறு கண்டுபிடித்துச் சொன்னவரை எல்லார் முன்னாலும் யாரோ ஒருமுறை கேலி செய்ததோ, அது எதுவாகவும் இருக்கலாம். வழியில் இறங்கிப் பார்க்காமல் வெளியிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணுவது பற்றிய பேச்சு வந்துவிட்டதால், கௌபாய் வரலாற்றிலேயே மிக அதிகம் பயன்படக்கூடியது என்று நான் கருதும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இது வீரத்தின் கதையல்ல, கணக்கெழுதுவதன் கதை. மந்தைப் பயணத்தில் மாடுகளை எண்ணுவது கண்ணால் நடந்தது. மந்தையை ஒடுக்கமாக நீளவிட்டு, இரு பக்கமும் இருவர் நின்று எண்ணுவார்கள். ஒவ்வொரு நூறுக்கும் சேணத்து வாரில் ஒரு முடிச்சு, அல்லது ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு கூழாங்கல். ஆனால் 1880களின் தொடக்கத்தில் எடின்பரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் முதலீடு வயோமிங்குக்கும் மான்டானாவுக்கும் பாய்ந்தபோது, யாரும் மாடுகளை எண்ணவில்லை. வாங்கியபோது இத்தனை, ஆண்டுக்கு இத்தனை கன்று ஈனும், இத்தனை சாகும் என்று அனுமானித்து ஏட்டில் கூட்டிக்கொண்டே போனார்கள். இதற்கு ஏட்டு எண்ணிக்கை என்று பெயர். பண்ணைகள் அந்த எண்ணிக்கைக்கே கைமாறின. ஏட்டில் மந்தை ஆண்டுதோறும் வளர்ந்தது. நிலத்தில் புல் ஆண்டுதோறும் குறைந்தது.

1886-இன் கோடை வறண்டது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் பனி உறைந்து, புல்லை எட்ட முடியாமல், புயல்களுக்கு நடுவே மாடுகள் வேலியோரங்களில் நின்றபடியே செத்தன. டகோட்டாவில் பண்ணை வைத்திருந்தவரும் பின்னாளில் அமெரிக்க அதிபரானவருமான தியோடர் ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். ஸ்காட்லாந்து முதலீட்டில் 1883-இல் தொடங்கப்பட்ட பிரம்மாண்டமான ஸ்வான் கால்நடை நிறுவனம் 1887-இல் நொடித்தது. வயோமிங்கின் ஷையென் நகரில் மதுக்கடைக்காரர் ஒருவர், சோர்ந்திருந்த பண்ணை உரிமையாளர்களைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள், என்ன ஆனாலும் கணக்கேடுகள் உறைந்துபோகா" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. உண்மையில் சொன்னாரோ இல்லையோ, நிலைமை அதுதான். அதே குளிர்காலத்தில் மான்டானாவில் ஒரு மந்தையின் பொறுப்பில் இருந்தவர்களிடம், உரிமையாளர் மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கடிதம் எழுதிக் கேட்டார். பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான சார்ல்ஸ் ரஸ்ஸல் அப்போது அங்கே ஒரு சாதாரண கௌபாய். பதில் கடிதத்தை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அஞ்சலட்டை அளவுள்ள காகிதத்தில் பனியில் முதுகெலும்பு துருத்தி நிற்கும் ஒற்றை மாட்டை வண்ணத்தில் தீட்டினார். ஓநாய்கள் சுற்றிலும் காத்திருந்தன. அதுவே அறிக்கையாகப் போயிற்று. உங்கள் வாராந்தர அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வேலை ஏன் நிற்கிறது? உங்கள் குழுவில் ஒருவர் அந்த ஒற்றை மாட்டை வரைந்து அனுப்பினால் அவருக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் ஏற்கெனவே கணித்துவைத்திருப்பார்கள். கிராண்டினின் எண்களும் ஏட்டு எண்ணிக்கையும் இரண்டும் எண்கள்தாம், ஆனால் முன்னது நின்று பார்த்து எண்ணியது, பின்னது எதிர்பார்ப்பைக் கூட்டியது.

பயிற்சியாளர் அதிக நேரம் பேசியதாக நீங்கள் குறிப்பிட்ட விசுவாசம் என்ற பகுதியில்தான் எனக்குப் பெரிய ஐயம். "முத்திரைக்காகச் சவாரி செய்" என்ற அந்தப் பழமொழியில் முத்திரை என்பது மாட்டின்மேல் சூடுபோட்ட பண்ணைக் குறி. பண்ணைக்கு உயிரைக் கொடுத்து உழை என்று பொருள். அந்த உயிருக்கு மாதம் 25 முதல் 40 டாலர் வரை கொடுத்தார்கள், குளிர்காலம் வந்ததும் பலரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். 1883-இல் பான்ஹேண்டில் பகுதியில் சில பெரிய பண்ணைகளின் கௌபாய்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி மட்டும் காரணம் அல்ல. முன்பெல்லாம் ஒரு கூலியாள் தனக்கென்று சில மாடுகளைச் சொந்தக் குறியிட்டு வளர்க்கலாம், வெளியூர்ப் பங்குதாரர்களின் நிறுவனங்கள் வந்ததும் அந்த உரிமை பறிபோயிற்று. வேலைநிறுத்தம் சில மாதங்களில் தோற்றது. இந்தப் பக்கத்தைப் பயிற்சி அட்டைகள் அச்சிடுவதில்லை.

விசுவாசம் உண்மையாகவே உண்டான இடங்களும் இருக்கின்றன, ஆனால் அங்கே முதலில் கொடுத்தவர் மேலே இருந்தவர். டெக்சஸின் கிங் பண்ணையைத் தொடங்கிய ரிச்சர்ட் கிங் 1850களில் வறட்சியில் வாடிய ஒரு மெக்சிகோ கிராமத்தில் மாடுகளை வாங்கினார்; மாடுகள் போய்விட்டால் அம்மக்களுக்குப் பிழைப்பு இராது என்பதை உணர்ந்து திரும்பிப் போய், தம் பண்ணையில் வேலையும் குடியிருப்பும் தருவதாகச் சொல்லிக் கிராமத்தையே அழைத்துவந்தார். அவர்களுடைய வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்தார்கள். அதிலும் ஒருவரே முதலாளியும் ஊர்ப் பெரியவருமாக இருந்த அதிகாரம் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குட்நைட்டின் வழியும் கவனிக்கத் தக்கது. புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவருடைய பொறுப்பையும் எழுதி ஒப்பந்தமாக்கிவிடுவது தம் வழக்கம் என்றும், ஒருவரையொருவர் சுட்டால் அங்கேயே விசாரணை நடத்தித் தூக்கு என்பதுதான் அதன் முதன்மையான விதி என்றும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தண்டனை நமக்குத் தேவையில்லை. விதி ஆற்றின் நடுவில் அல்ல, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது தேவை. அதே குட்நைட், தம்மோடு நான்கு ஆண்டுகள் மந்தையோட்டியவரும் அடிமையாகப் பிறந்தவருமான போஸ் ஐகார்ட் 1929-இல் மறைந்தபோது, தம் செலவில் கல்லறைக் கல் நட்டு, ஒரு கடமையையும் தட்டிக்கழிக்காதவர் என்று அதில் பொறிக்கச் செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒருவருடைய வேலை இன்னதென்று அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய ஒன்றுக்கு வருகிறேன். பழைய பண்ணைகளில் ஒவ்வொரு கௌபாய்க்கும் ஆறேழு குதிரைகள் ஒதுக்கப்படும். அவை பண்ணையின் சொத்துத்தான். ஆனால் ஒதுக்கிய பிறகு அவனைக் கேட்காமல் வேறெவரும், முதலாளியே ஆனாலும், அவற்றில் ஏறுவதில்லை. ஒரு குதிரையை அவன் வரிசையிலிருந்து எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தால், "உன்னை வேலையைவிட்டுப் போகச் சொல்கிறேன்" என்று பொருள்; பலர் மறுபேச்சுப் பேசாமல் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே செய்து பார்த்துவிட்டேன். எங்கள் பட்டியில் நோயுற்ற மாடுகளைத் தனியே வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை ஒருவர் ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவந்தார். அவருடைய பதிவேடுகள் தாமதமாகின்றன என்று, பதிவேட்டு வேலையை மட்டும் புதிதாக வந்த, விரைவாகத் தட்டச்சு செய்யக்கூடிய ஓர் இளைஞரிடம் மாற்றினேன். பளுவைக் குறைப்பதாகத்தான் நினைத்தேன், அவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் சரி என்றார். அடுத்த மூன்று வாரங்கள் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. மற்றவர்களின் வேலையும் ஏனோ மந்தமாயிற்று. ஃபோர்மேனிடம் கேட்டபோது, "நீங்கள் அவனுடைய குதிரையை எடுத்துவிட்டீர்கள்" என்றார்.

மற்றவர்கள் ஏன் மந்தமானார்கள் என்பதற்கும் பதில் மந்தையிலேயே இருந்தது. குட்நைட்டிடம் ஓல்ட் புளூ என்று ஓர் எருது இருந்தது. கழுத்தில் மணி கட்டி, எட்டு ஆண்டுகள் மந்தை மந்தையாகக் கான்சஸின் ரயில் நகரமான டாட்ஜ் சிட்டிக்கு அதுவே முன்னே நடந்து வழிகாட்டியது. இரவில் மணியின் நாக்கை வாரால் கட்டிவைப்பார்கள், காலையில் அவிழ்த்ததும் மணியோசை கேட்டு மற்றவை எழுந்து பின்தொடரும். அதன் கொம்புகள் இன்றும் பான்ஹேண்டில் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன. நியமனக் கடிதத்தில் தலைவர் நீங்கள்தான். ஆனால் எந்தக் குழுவிலும் மணி வேறொருவர் கழுத்தில் இருக்கக்கூடும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பத்தியில், பொறுப்பேற்ற முதல் வாரத்தில் வாடிக்கையாளர் அறிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து, அதைவிட விரைவாக முடிக்கும் இன்னொருவரிடம் கொடுத்ததாகவும் அவர் மறுப்பேதும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பத்தியில், குழுவின் மூத்தவர் இப்போதெல்லாம் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதற்கும் தலையாட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரும் ஒருவர்தானா என்று நீங்கள் சொல்லவில்லை. ஒருவர்தான் என்றால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் அவரிடம் தனியாகப் போய், கேட்காமல் எடுத்தது தவறு என்று சொல்லி, அந்த அறிக்கை அவருக்குத் திரும்ப வேண்டுமா என்று கேளுங்கள்; வேண்டாம் என்றாலும் காரணத்தை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள். ஃபோர்மேன் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் யோசித்துவிட்டு நான் போனபோது, அவர் தம் சேணத்தை வண்டியின் பின்புறம் ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.